எலியின் வயிறு சொன்னதும் பேராசிரியர்கள் நம்ப மறுத்ததும்

மணி அடித்தால் நாய்க்கு எச்சில் ஊறும். பாவ்லோவ் என்ற பெயரைக் கேட்டதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது இதுதான். உளவியல் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர்களுக்குக்கூட தெரிந்த ஒரே உளவியல் சோதனை இதுவாகத்தான் இருக்கும். உண்மையில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த அந்த ஆய்வுக்கூடத்தில் மெட்ரோனோம், பஸ்ஸர், விளக்கு, தோலைத் தொடும் கருவி என்று என்னென்னவோ இருந்தன. ஆனால் கதையில் நிலைத்தது மணி மட்டும்தான்.

பாடப்புத்தகத் தமிழில் இதற்கு "ஆக்கநிலையிறுத்தல்" என்று பெயர். வாயில் நுழைவதற்குள் நாய் சாப்பிட்டு முடித்துவிடும் :-) விஷயம் எளிமையானது. ஒன்றுக்கும் உதவாத ஒரு சத்தமும், உடம்புக்குத் தேவையான ஒரு பொருளும் அடுத்தடுத்து பலமுறை வந்தால், விலங்கின் மனதில் இரண்டுக்கும் முடிச்சு விழுந்துவிடும். பிறகு சத்தம் மட்டும் வந்தாலே போதும், உடம்பு தயாராகிவிடும்.

இங்கே சொல்லப்போவது நாய்க் கதை அல்ல, எலிக் கதை. பாவ்லோவுக்குப் பின் இரண்டு தலைமுறை ஆராய்ச்சியாளர்கள் அசைக்கமுடியாத சட்டம் என்று நம்பிய ஒன்றை, ஒரு பிளாஸ்டிக் பாட்டில் எப்படிக் கவிழ்த்தது என்கிற கதை.

முதலில் அந்தச் சட்டம் என்ன என்று பார்த்துவிடுவோம்.

பாவ்லோவ் 1904இல் நோபல் பரிசு வாங்கியது மணிக்காகவோ எச்சிலுக்காகவோ அல்ல, செரிமானம் பற்றிய ஆராய்ச்சிக்காக. அவருடைய கூடத்தில் நாய்களின் இரைப்பையிலிருந்து எடுத்த செரிமான நீரை அஜீரணத்துக்கு மருந்தாக விற்றார்கள் என்பதும், அந்த வருமானம் ஆராய்ச்சிச் செலவுக்கு உதவியது என்பதும் பலருக்குத் தெரியாது. (நாயின் வயிற்றிலிருந்து எடுத்ததைக் காசு கொடுத்து வாங்கிக் குடித்திருக்கிறார்கள்!) ஆக அவர் தொடங்கிய இடம் வயிறு. அவருடைய வேலை 1920களில் ஆங்கிலத்தில் பரவலாகி, அமெரிக்க உளவியல்காரர்கள் அதைக் கையில் எடுத்தபோது, வயிறு காணாமல் போய்விட்டது. அவர்களுக்குப் பிடித்தவை விளக்கு, சத்தம், மின்சார ஷாக், உணவு உருண்டை. எல்லாம் ஸ்விட்ச் போட்டு அணைக்கக்கூடியவை, நொடிக் கணக்கில் அளக்கக்கூடியவை.

இப்படி அளந்து அளந்து அவர்கள் கண்ட விதிகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, எந்த அறிகுறியையும் எந்த விளைவோடும் முடிச்சுப் போடலாம். விளக்கா, மணியா, வாசனையா, எதுவாக இருந்தாலும் வித்தியாசமில்லை. இரண்டு, இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி சில நொடிகள்தான் இருக்கவேண்டும். அதற்கு மேல் போனால் முடிச்சு விழாது. மணி அடித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து சோறு வைத்தால் எந்த நாயும் எதையும் கற்றுக்கொள்ளாது. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது, இல்லையா?

ஆயிரக்கணக்கான சோதனைகள் இந்த இரண்டையும் உறுதி செய்தன. ஆனால் அந்தச் சோதனைகள் எல்லாம் விளக்கும் சத்தமும் ஷாக்கும் உணவு உருண்டையும் வைத்துச் செய்தவை. அதை அப்போது யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

ஜான் கார்சியா 1917இல் கலிபோர்னியாவின் சாண்டா ரோசா பகுதியில் பிறந்தார். பெற்றோர் ஸ்பெயினிலிருந்து குடியேறியவர்கள், விவசாயக் குடும்பம். பண்ணை வேலை, லாரி மெக்கானிக் வேலை, கப்பல் கட்டும் தளத்தில் வேலை என்று இளமை போனது. இரண்டாம் உலகப் போரில் விமானப்படையில் சேர்ந்து விமானம் ஓட்டக் கற்றார். ஆனால் குமட்டல் தாங்காமல் விமானி வேலையை விடவேண்டி வந்தது. குமட்டல் என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இந்த மனிதரை அது வாழ்க்கை முழுக்க விடவில்லை.

போர் முடிந்ததும், திரும்பி வந்த வீரர்களுக்கு அரசு கொடுத்த படிப்பு உதவியால் கல்லூரிக்குப் போனார். பிறகு பெர்க்லி பல்கலைக்கழகம். டாக்டர் பட்டம் முடிக்காமலேயே 1950களின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவில், ஹன்டர்ஸ் பாயின்ட்டில் இருந்த கடற்படையின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அணுகுண்டு யுகம் அது. கதிர்வீச்சு உயிர்களை என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள அமெரிக்க ராணுவம் துடித்துக்கொண்டிருந்த காலம்.

அங்கே எலிகளைக் கதிர்வீச்சு அறையில் சில மணி நேரம் வைப்பார்கள். பிறகு அவற்றின் சொந்தக் கூண்டுக்குக் கொண்டுவருவார்கள். இதைப் பலமுறை செய்தபோது ஒரு விசித்திரம் தெரிந்தது. கதிர்வீச்சு அறைக்குள் எலிகள் வரவரத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டே போயின. கூண்டுக்குத் திரும்பியதும் வழக்கம்போலக் குடித்தன.

கதிர்வீச்சால் தாகம் குறைந்ததா? அப்படியென்றால் கூண்டிலும் குறைய வேண்டுமே. அறையைக் கண்டு பயமா? கார்சியாவும் உடன் இருந்தவர்களும் தேடியபோது கிடைத்த வித்தியாசம் மிகச் சாதாரணமானது. கூண்டில் இருந்தது கண்ணாடி பாட்டில். கதிர்வீச்சு அறையில் இருந்தது பிளாஸ்டிக் பாட்டில். பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீருக்கு லேசாக ஒரு ருசி ஏறியிருந்தது. அந்த ருசியுள்ள தண்ணீரைக் குடித்தபோதெல்லாம் எலிகளுக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. எலிகள் பழியைப் போட்டது அறையின் மேல் அல்ல, வெளிச்சத்தின் மேல் அல்ல, அந்த ருசியின் மேல்!

இதை நேராகவே சோதித்துப் பார்த்தார்கள். எலிகளுக்கு இனிப்பு என்றால் உயிர். சாக்கரின் கலந்த தண்ணீரையும் வெறும் தண்ணீரையும் வைத்தால் சாக்கரினைத்தான் தேடிப் போகும். சாக்கரின் தண்ணீர் குடிக்கக் கொடுத்துக்கொண்டே மிதமான காமா கதிர்வீச்சைச் செலுத்தினார்கள். பிறகு இரண்டு பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, அந்த எலிகள் சாக்கரின் பக்கம் போக மறுத்தன. கதிர்வீச்சின் அளவு கூடக்கூட வெறுப்பும் கூடியது. ஒரே ஒரு தடவைதான். ஆனால் ஒரு மாதம் கழித்தும் அந்த வெறுப்பு போகவில்லை. கார்சியா, கிமெல்டார்ஃப், கோயலிங் மூவரின் பெயரில் 1955இல் 'சயின்ஸ்' இதழில் இது வெளிவந்தது.

அப்போது பெரிய சண்டை எதுவும் வரவில்லை. கதிர்வீச்சு பற்றிய ஒரு சின்னத் தகவல் என்று பலர் பக்கத்தைப் புரட்டிப் போய்விட்டார்கள். சண்டை வந்தது பத்து வருடம் கழித்து.

கார்சியா டாக்டர் பட்டம் வாங்கியது 1965இல். அப்போது அவருக்கு வயது 48. அடுத்த வருடம் ராபர்ட் கோயலிங்குடன் சேர்ந்து வெளியிட்ட கட்டுரை மொத்தம் இரண்டே பக்கம். அந்தச் சோதனை இன்றுவரை பாடப்புத்தகங்களில் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

எலி ஒரு குழாயை நக்கினால் ருசியுள்ள தண்ணீர் வரும். அதே நேரத்தில் ஒவ்வொரு நக்கலுக்கும் ஒரு விளக்கு மின்னும், 'கிளிக்' என்று சத்தம் வரும். அதாவது எலி குடிப்பது ருசி, ஒளி, ஒலி மூன்றும் சேர்ந்த தண்ணீர். இப்படிக் குடித்த எலிகளில் ஒரு கூட்டத்துக்குக் காலில் ஷாக். இன்னொரு கூட்டத்துக்கு எக்ஸ்ரே போன்றவற்றால் வயிற்றுக் கோளாறு. பிறகு மூன்றையும் பிரித்துச் சோதித்தார்கள். ருசியுள்ள தண்ணீர் தனியாக, விளக்கும் சத்தமும் கொண்ட சாதா தண்ணீர் தனியாக.

பழைய சட்டப்படி என்ன நடக்க வேண்டும்? இரண்டு கூட்டமும் இரண்டையும் ஒரே மாதிரி வெறுக்க வேண்டும். எல்லா அறிகுறியும் சமம் என்பதுதானே விதி.

நடந்தது வேறு. ஷாக் வாங்கிய எலிகள் விளக்கையும் சத்தத்தையும் கண்டு ஒதுங்கின, ருசியைப் பற்றிக் கவலையே படவில்லை. வயிறு கெட்ட எலிகள் ருசியை ஒதுக்கின, விளக்கும் சத்தமும் வந்தால் பாட்டுக்குக் குடித்துக்கொண்டிருந்தன. வெளியிலிருந்து வலி வந்தால் கண்ணும் காதும் குற்றவாளியைத் தேடுகின்றன. உள்ளே வயிறு புரண்டால் நாக்கு குற்றவாளியைத் தேடுகிறது. எலி பிறக்கும்போதே இந்தப் பிரிவினையோடுதான் பிறக்கிறது போலும்.

அதே வருடம் எர்வின், கோயலிங் இருவருடன் வெளியிட்ட இன்னொரு கட்டுரை இரண்டாவது விதியை உடைத்தது. சாக்கரின் குடித்து வெகு நேரம் கழித்து வாந்தி உணர்வு தரும் ஊசி போட்டாலும் எலி சாக்கரினைத்தான் வெறுத்தது. நொடிக் கணக்கில் இருந்த சட்டம் திடீரென்று மணிக் கணக்குக்குப் போய்விட்டது. 1967இல் ஸ்மித், ரோல் என்ற இருவர் எக்ஸ்ரே வைத்துச் செய்த சோதனையில் 12 மணி நேர இடைவெளியிலும் இந்த முடிச்சு விழுந்தது.

இங்கேதான் கதை கசக்கிறது.

கார்சியாவின் கட்டுரைகளை அந்தத் துறையின் முன்னணி இதழ்கள் திருப்பி அனுப்பின. சோதனை முறை சரியில்லை, முடிவுகள் நம்பும்படி இல்லை என்றார்கள். மேலே சொன்ன இரண்டு கட்டுரைகளும் வந்தது 'சைக்கனாமிக் சயின்ஸ்' என்ற இதழில். 1964இல்தான் தொடங்கியிருந்த, குட்டிக் கட்டுரைகளை வெளியிடும் இதழ் அது. இந்த முடிவுகள் உண்மையாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கேட்டால், குக்கூ கடிகாரத்துக்குள் பறவை எச்சம் கிடக்க எவ்வளவு வாய்ப்போ அவ்வளவுதான் என்று ஒரு ஆராய்ச்சியாளர் நக்கலடித்தாராம். உளவியல் புத்தகங்களில் இன்றும் சுற்றிவரும் வாசகம் இது. (மரக் குருவி எச்சமிடாது என்று புரிந்துகொள்ளவும்.)

அந்தப் பேராசிரியர்களை வில்லன்களாக்கிவிடுவது சுலபம். ஆனால் அவர்கள் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது. ருசி என்பது சத்தம் மாதிரி சட்டென்று முடிந்துபோகும் விஷயமல்ல. வாயிலோ வயிற்றிலோ அது தங்கியிருக்கலாம், ஏப்பத்தில் மேலே வரலாம். அப்படியானால் இடைவெளி என்று கார்சியா சொல்வது உண்மையில் இடைவெளியே இல்லையே? நல்ல கேள்விதான். பின்னால் வந்தவர்கள் இதைப் பலவிதமாகச் சோதித்தார்கள். நடுவில் வேறு சுவைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள், அப்போதும் எலி முதலில் ருசித்த புதுச் சுவையை மறக்கவில்லை. ஏப்ப வாதம் மெல்ல மெல்ல கரைந்துபோனது. மன்னிக்க முடியாதது கேள்வி கேட்டதை அல்ல, பதிலைப் பார்க்க விடாமல் கதவைச் சாத்தியதைத்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எலி மருந்து விற்பவர்களுக்கு இது முன்பே தெரியும். விஷம் கலந்த தீனியைக் கொஞ்சமாகத் தின்று, வயிறு கலங்கி, உயிர் பிழைத்த எலி அந்தத் தீனியை மறுபடி தொடாது. இதனால்தான் வேகமாக வேலை செய்யும் விஷங்கள் பல இடங்களில் தோற்றன. 1940களின் கடைசியில் வார்ஃபரின் எலி மருந்தாகச் சந்தைக்கு வந்து வெற்றி பெற்றதற்கு ஒரு முக்கியக் காரணம், அது மெதுவாகச் சில நாட்கள் எடுத்துக்கொண்டு கொல்கிறது. தின்றதற்கும் துன்பத்துக்கும் எலியால் முடிச்சுப் போட முடிவதில்லை. ஆய்விதழ்கள் நடக்காது என்று சொன்ன ஒன்றை நம்பித்தான் ஒரு வியாபாரமே நடந்துகொண்டிருந்திருக்கிறது! பண்ணையில் வளர்ந்த கார்சியாவுக்கு அந்த முடிவுகள் அவ்வளவு அதிசயமாகத் தோன்றியிருக்காது.

1970களில் காற்று திசை மாறியது. 1971இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஒரு சோதனையில் வில்காக்ஸன் குழுவினர் எலிகளுக்கும் காடைகளுக்கும் நீல நிறமும் புளிப்புச் சுவையும் கொண்ட தண்ணீரைக் கொடுத்து, பிறகு வயிற்றைக் கெடுத்தார்கள். எலிகள் புளிப்பை வெறுத்தன, நிறத்தைக் கண்டுகொள்ளவில்லை. காடைகளோ நீல நிறத்தைக் கண்டாலே ஒதுங்கின. எலி இருட்டில் முகர்ந்தும் நக்கியும் இரை தேடுகிறது. காடை பகலில் கண்ணால் பார்த்துத் தானியம் பொறுக்குகிறது. யார் எதை வைத்துச் சாப்பாட்டை அடையாளம் காண்கிறார்களோ, அதன் மேல்தான் பழியும் விழுகிறது.

மார்ட்டின் செலிக்மன் என்ற உளவியலாளருக்கு இது சொந்த அனுபவமாகவே வந்தது. ஒருநாள் இரவு பியர்னேஸ் சாஸ் ஊற்றிய இறைச்சி சாப்பிட்டார். சில மணி நேரம் கழித்து ஒரே வாந்தி. காரணம் ஃப்ளூ காய்ச்சல் என்று அவருக்கே தெரியும். கூட வேலை செய்தவருக்கும் அதே காய்ச்சல் வந்தது, அதே சாஸைச் சாப்பிட்ட மனைவிக்கு ஒன்றும் ஆகவில்லை. இருந்தும் அந்த சாஸை நினைத்தாலே குமட்டியது. அன்று சாப்பிட்ட தட்டின் மேல் வெறுப்பு வரவில்லை, எதிரில் உட்கார்ந்திருந்த மனைவி மேலும் வரவில்லை. (நல்லவேளை.) ஒவ்வொரு உயிரினமும் சில முடிச்சுகளைச் சட்டென்று போடத் தயாராகவும், சிலவற்றுக்குத் தயாரில்லாமலும் பிறக்கிறது என்ற வாதத்தை அவர் 1970இல் முன்வைத்தார். அதற்கு அடித்தளமாக இருந்தது கார்சியாவின் எலிகள்.

கார்சியாவுக்கு 1979இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் உயர்ந்த அறிவியல் விருது கிடைத்தது. 1983இல் தேசிய அறிவியல் கழகத்தில் உறுப்பினரானார். ருசி வெறுப்புக்கே "கார்சியா விளைவு" என்று பெயர் வந்துவிட்டது. நடுவில் 1981இல் தன் கட்டுரைகள் திருப்பி அனுப்பப்பட்ட கதையை, காற்றாலையோடு மோதிய டான் கிஹோட்டேவைத் தலைப்பிலேயே நினைவுபடுத்தி, எள்ளலோடு எழுதினார். 2012இல், 95 வயதில் இறந்தார்.

எல்லாம் சரி, எலி சாக்கரினை வெறுத்தால் யாருக்கு என்ன லாபம்?

புற்றுநோய்க்கு கீமோதெரபி எடுக்கும் குழந்தைகள் சாப்பாட்டை வெறுப்பார்கள், எடை குறைவார்கள். நோயின் விளைவு, மருந்தின் விளைவு என்று மட்டும் நினைத்திருந்தார்கள். சியாட்டிலில் இலீன் பெர்ன்ஸ்டைன் வேறு மாதிரி யோசித்தார். ஊசிக்கு முன் சாப்பிட்டது சாப்பாடு, ஊசிக்குப் பின் வந்தது குமட்டல். இது கார்சியாவின் எலிக் கூண்டேதான்! சில குழந்தைகளுக்குச் சிகிச்சைக்கு முன்பாக, அவர்கள் அதுவரை ருசித்திராத ஒரு ஐஸ்கிரீமைக் கொடுத்தார். சில வாரம் கழித்து மறுபடி அதே ஐஸ்கிரீம் வேண்டுமா, விளையாட்டு வேண்டுமா என்று கேட்டபோது, ஐஸ்கிரீமைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான். ஐஸ்கிரீம் சாப்பிடாமல் சிகிச்சை பெற்ற குழந்தைகளிலும், வயிற்றைப் புரட்டாத மருந்து பெற்ற குழந்தைகளிலும் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் ஐஸ்கிரீம் பக்கம் போனார்கள். 1978இல் இது வெளிவந்தது. குமட்டலுக்குக் காரணம் மருந்துதான் என்று விவரம் தெரிந்த குழந்தைகளுக்கும் நன்றாகவே தெரியும். தெரிந்து என்ன பயன், வயிறு கேட்கவில்லையே.

இதற்குக் கண்ட வழி அழகானது. சாப்பாட்டுக்கும் ஊசிக்கும் நடுவே, தூக்கலான புதுச் சுவையுள்ள ஒரு மிட்டாயைக் கொடுத்தார்கள். பழி முழுக்க மிட்டாயின் மேல் விழுந்தது, சாப்பாடு தப்பியது. பலியாடு மாதிரி ஒரு மிட்டாய். 1987இல் பிராபெர்க்கும் பெர்ன்ஸ்டைனும் இதை வெளியிட்டார்கள். அந்த மிட்டாயைக் குழந்தை வாழ்நாள் முழுக்கத் தொடாவிட்டாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

விலங்குகளிடமும் முயன்றார்கள். 1974இல் கார்சியாவும் கார்ல் கஸ்டாவ்சனும் இன்னும் இருவரும், கொயோட் என்ற அமெரிக்க ஓநாய்களுக்கு லித்தியம் குளோரைடு கலந்த ஆட்டிறைச்சியைக் கொடுத்தார்கள். அவை ஆட்டை விட்டு ஒதுங்கின, முயலை விடவில்லை. துப்பாக்கியும் விஷமும் இல்லாமல் மந்தையைக் காக்கலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. ஆனால் பண்ணைகளில் பரவலாகச் செய்தபோது பலன் ஒரே மாதிரி இல்லை, அதைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் வருடக்கணக்கில் அடித்துக்கொண்டார்கள். இறைச்சியைத் தின்ன மறுப்பதும் ஓடும் ஆட்டைத் துரத்தாமல் இருப்பதும் ஒன்றல்லவே.

ஆஸ்திரேலியாவில் பிரச்சினை நேர்மாறானது. கரும்பு வண்டுகளை ஒழிக்க 1935இல் குவீன்ஸ்லாந்தில் இறக்கிய கரும்புத் தேரைகள் வண்டை ஒழிக்கவில்லை, கண்டத்தின் வடக்கே பரவிக்கொண்டே போயின. அவற்றின் தோலில் விஷம். குவோல் என்ற பூனை அளவுள்ள பைமா விலங்கு ஒரு பெரிய தேரையைக் கடித்தால் செத்துப்போகும், பாடம் கற்க இரண்டாவது வாய்ப்பே கிடையாது. அதனால் 2010இல் வெளிவந்த ஆய்வில் ஓ'டனல், வெப், ஷைன் மூவரும் அந்தப் பாடத்தைச் சிறிய அளவில் கொடுத்தார்கள். கொல்லும் அளவுக்கு விஷம் இல்லாத குட்டித் தேரையின் உடலில் குமட்டல் தரும் தையாபெண்டசோல் மருந்தைச் சேர்த்துத் தின்னக் கொடுத்து, பிறகு குவோல்களைக் காட்டில் விட்டார்கள். பாடம் கற்றவை உயிருள்ள தேரையை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் போயின, கற்காதவற்றைவிட அதிக நாள் உயிரோடு இருந்தன.